வெளியிலிருந்து வந்தவள்: கத்தரீன் தெ மெதிசி

(பாரிஸ் லாச்சப்பலில் இருந்து இணையவழியாக நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

கனடாவில் மத்தியான நேரத்தில் இருந்து பார்க்கிற உங்களுக்கும், அவுஸ்திரேலியாவில் நித்திரை முழித்து இருக்கிற உங்களுக்கும், இங்கே இந்தச் சின்ன மண்டபத்தில் ஈரக்குடையோடு வந்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் நன்றி. கீழே கடையில் கொத்துரொட்டி போடுகிற சத்தம் ஒலிவாங்கியில் கேட்டால் மன்னிக்க வேணும். லாச்சப்பலில் அதை நிறுத்த யாராலும் ஏலாது.

நான் வரலாறு படித்தவள் இல்லை. தாதிப் பயிற்சி முடித்து வைத்தியசாலையில் வேலை செய்கிறவள். ஏற்பாட்டாளர்கள் “உங்களுக்குப் பிடித்த ஒரு வரலாற்றுப் பெண்ணைப் பற்றிக் கதையுங்கோ” என்று கேட்டபோது நான் சொன்ன பெயர் அவர்களுக்குக் கொஞ்சம் அதிர்ச்சியாக இருந்தது. “அவ எல்லாருக்கும் நஞ்சு வைத்தவ அல்லவோ?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்விதான் இன்றைய பேச்சு.

இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்து மெதிசி வீட்டில் இருந்து பிரான்சுக்கு இரண்டு அரசிகள் வந்தார்கள். இரண்டாவதாக 1600இல் வந்தவர் மரி தெ மெதிசி. நீங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற லுக்சம்பூர்க் பூங்கா அவருடையது. நான் கதைக்கப் போவது முதலில் வந்தவரைப் பற்றி. கத்தரீன் தெ மெதிசி, பிறப்பு 1519, இறப்பு 1589.

இந்த மண்டபத்துக்கு வெளியே இறங்கினால் ஃபோபூர் சென் தெனித் தெரு. புடவைக்கடை, நகைக்கடை, மரக்கறிக்கடை எல்லாம் அதில்தான். “சென் தெனிக்குப் போகிற தெரு” என்பதால் அந்தப் பெயர். அதிலிருந்து நேரே வடக்கே, மார்க்ஸ் டொர்முவா தெரு, லாச்சப்பல் தெரு என்று பெயர் மாறி மாறிப் போனால், ஒன்றரை மணித்தியாலத்துக்குக் கிட்ட நடந்து சென் தெனி பசிலிக்காவுக்குப் போய்விடலாம். பிரான்ஸ் அரசர்கள் அடக்கம் செய்யப்பட்ட கோயில் அது. அரசர் செத்தால் நோத்ர் தாம் கோயிலில் இருந்து ஊர்வலம் புறப்பட்டு இந்தப் பாதையால்தான் வடக்கே போகும். நாங்கள் கறிவேப்பிலை வாங்குகிற தெரு ஒரு காலத்தில் அரசர்களின் கடைசிப் பயணத் தெரு.

சில வருடங்களுக்கு முதல் இரவு வேலை முடிந்த ஒரு காலையில், வீட்டுக்குப் போக மனமில்லாமல் அந்தப் பசிலிக்காவுக்குப் போனேன். அங்கே இரண்டாம் ஹென்றி அரசருக்கும் கத்தரீனுக்கும் ஒரு பெரிய சலவைக்கல் கல்லறை. மேலே இருவரும் முழந்தாளில் நின்று செபம் செய்கிறார்கள். கீழே இருவரும் செத்த உடல்களாகக் கிடக்கிறார்கள், உடுப்பு இல்லாமல். செர்மென் பிலோன் என்ற சிற்பி செய்தது. கீழே கிடக்கிற கத்தரீனைப் பார்த்தால் செத்தவர் மாதிரி இல்லை, நித்திரை கொள்கிற மாதிரி இருக்கிறார். தொழில் காரணமாக நான் நிறைய இறந்த உடல்களைக் கழுவியிருக்கிறேன். யாரும் அப்படி இருப்பதில்லை.

பிறகு படித்தபோது விளங்கியது. இதற்கு முதல் வேறொரு சிற்பி, ஜிரோலமோ தெல்லா ரோபியா, அவரை உண்மையான பிணமாகவே செதுக்கத் தொடங்கியிருக்கிறார். விலா எலும்பு தெரிய, வற்றிப்போன உடம்பு. அது முடிக்கப்படாமல் கைவிடப்பட்டது. இப்போது லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே பெண்ணுக்கு இரண்டு கல் உடல்கள், ஒன்று கோரம், ஒன்று வடிவு. மனிசி அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருந்திருக்க வேணும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்று தொடங்கிய வாசிப்பு இது.

நான் ஒரு நோயாளியின் கோப்பைத் திறக்கிற மாதிரியே தொடங்குகிறேன். 1519 ஏப்ரல் 13 பிறப்பு. பதினைந்து நாளில் தாய் மரணம். அதற்கடுத்த ஒரு கிழமைக்குள் தகப்பன் மரணம். ஒரு மாதம் நிறைய முதல் இரண்டு பேரையும் தின்ற பிள்ளை. எங்கள் ஊரில் பிறந்திருந்தால் சாத்திரி என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்குத் தெரியும்.

அப்பாவின் தாய் வளர்த்தார், அவரும் போய்விட, ஒரு மாமி வளர்த்தார். 1527இல் புளோரன்ஸ் மக்கள் மெதிசி குடும்பத்தைத் துரத்தினார்கள். எட்டு வயதுப் பிள்ளையைப் பணயமாக வைத்துக்கொண்டார்கள். கன்னியர் மடங்களில் வைத்து வளர்த்தார்கள். 1529இல் நகரம் முற்றுகைக்குள் வந்தது, சாப்பாடு இல்லை, கோபம் கூடியது. அந்தப் பிள்ளையை மதிலில் எதிரியின் பீரங்கிக்கு முன்னால் கட்டிவிடுவோம் என்றுகூடச் சிலர் கதைத்தார்களாம். ஒரு இரவு அவரை மடத்தில் இருந்து கூட்டிப்போக ஆட்கள் வந்தபோது, கொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தலைமயிரை வெட்டி, கன்னியாஸ்திரி உடுப்பைப் போட்டுக்கொண்டு நின்றார் என்று சொல்லப்படுகிறது. அப்போது பதினொரு வயது.

அந்தக் காலத்துப் பாப்பரசர் ஏழாம் கிளெமென்ட் இந்தக் குடும்பத்தவர். கத்தரீனின் அப்பப்பாவுக்குச் சித்தப்பா மகன். அவர்தான் கலியாணம் பேசினார். மாப்பிள்ளை பிரான்ஸ் அரசர் முதலாம் பிரான்சுவாவின் இரண்டாவது மகன் ஹென்றி. 1533 ஒக்டோபரில் மார்செய் நகரத்தில் கலியாணம். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பதினான்கு வயது. பாப்பரசரே நேரில் வந்து நடத்திவைத்தார். பெரிய சீதனம் பேசப்பட்டது.

அடுத்த வருடம் செப்டெம்பரில் பாப்பரசர் இறந்துபோனார். பின்னால் வந்த பாப்பரசர் மிச்சச் சீதனத்தைக் கட்ட மறுத்தார். இப்போது யோசித்துப் பாருங்கோ. பேசின சீதனம் முழுக்க வரவில்லை. தாய் தகப்பன் இல்லை. பின்னால் நிற்கிற ஆள் செத்துப்போனார். வந்த வீட்டின் பாஷை வேறு. அரச வம்சமும் இல்லை, வட்டிக்கடை வைத்து மேலே வந்த குடும்பம். அரண்மனையில் “வியாபாரியின் மகள்”, “புளோரன்ஸ்காரி” என்று பின்னால் சொன்னார்கள். இந்தக் கதையை விளங்கிக்கொள்ள எங்களுக்குப் பிரெஞ்சு வரலாறு தெரியத் தேவையில்லை.

1536இல் ஹென்றியின் தமையன் திடீரென்று இறந்தார். பந்து விளையாடிவிட்டுத் தண்ணீர் குடித்தார், காய்ச்சல், சாவு. தண்ணீர் கொடுத்த பணியாளர் மொந்தெகுக்கோலி ஒரு இத்தாலியர். நஞ்சு என்று சொல்லி அவரைக் கொடூரமாகக் கொன்றார்கள். அந்தச் சாவால் ஹென்றி முடிக்குரியவரானார், கத்தரீன் வருங்கால அரசியானார். “யாருக்கு இலாபம்?” என்று சனம் கேட்டது. நஞ்சுக் கதையின் முதல் விதை அங்கேதான் விழுந்தது. அப்போது அவருக்குப் பதினேழு வயது.

இனி நான் கொஞ்சம் நின்று கதைக்க விரும்புகிற இடம். கலியாணமாகிப் பத்து வருடம் பிள்ளை இல்லை.

வருங்கால அரசிக்குப் பிள்ளை இல்லையென்றால் அது வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை, அரசாங்கப் பிரச்சினை. தள்ளிவைத்துவிட்டு வேறு கட்டலாம் என்று வெளிப்படையாகக் கதைத்தார்கள். 1538இல் ஹென்றிக்கு வேறொரு பெண்ணில் ஒரு மகள் பிறந்தாள். தியான் என்று பெயர் வைத்தார்கள். அதோடு எல்லாருக்கும் “விளங்கி”விட்டது: குறை பெண்ணில்தான். கத்தரீன் மாட்டுச் சாணமும் அரைத்த மான்கொம்பும் சேர்த்துப் பத்துப் போட்டார், கோவேறு கழுதையின் மூத்திரம் குடித்தார் என்றெல்லாம் சொல்லப்படுகிறது. கடைசியில் ஜான் பெர்னெல் என்ற வைத்தியர் இருவரையும் சோதித்தார். இருவரையும் என்பதைக் கவனியுங்கோ. அவர் என்ன ஆலோசனை சொன்னாரோ, 1544 ஜனவரியில் முதல் பிள்ளை பிறந்தது. அதன்பின் பன்னிரண்டு வருடத்தில் மொத்தம் பத்துப் பிள்ளைகள். ஹென்றியின் உடலமைப்பில்தான் ஒரு குறை இருந்திருக்கலாம் என்று பல வரலாற்றாசிரியர்கள் இன்று எழுதுகிறார்கள்.

நான் மகப்பேற்று விடுதியில் வேலை செய்த காலத்தில் எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள். ஒரு பிள்ளை வந்திருந்தாள். ஊரில் இருந்து கலியாணம் பேசி வந்தவள், பாஷை தெரியாது. நான்கு வருடமாகச் சோதனைக்கு மேல் சோதனை. இரத்தம், ஸ்கான், குழாய் அடைப்பு இருக்கிறதா என்று படம். எல்லாம் சரி. வைத்தியர் கணவரின் சோதனை முடிவைக் கேட்டார். அப்படி ஒன்று எடுக்கப்படவே இல்லை. அந்தப் பிள்ளை என்னிடம் தமிழில் மெதுவாகச் சொன்னாள்: “அக்கா, அதை அவரிட்டக் கேக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ. எனக்குத்தான் ஏதோ குறையெண்டு எழுதச் சொல்லுங்கோ. வீட்டில பிரச்சினை வரும்.”

அதை நான் வைத்தியரிடம் அப்படியே மொழிபெயர்க்கவில்லை. “கணவருக்கு நேரம் கிடைக்கவில்லையாம்” என்று சொன்னேன். அது சரியா பிழையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அன்று ஒன்று விளங்கியது. வெளியிலிருந்து வந்த பெண் அந்த வீட்டின் குறையைத் தன் பெயரில் எழுதிக்கொண்டால், வீட்டில் மற்ற எல்லாரும் நிம்மதியாக இருக்கலாம்.

பிள்ளைகள் பிறந்தும் கத்தரீனுக்கு மதிப்பு வரவில்லை. ஹென்றியின் மனம் முழுக்க தியான் தெ புவாத்தியே என்ற, தன்னைவிட ஏறக்குறைய இருபது வயது மூத்த பெண்ணிடம். ஷெனோன்சோ என்ற வடிவான மாளிகையை அவருக்குத்தான் கொடுத்தார். 1556இல் கத்தரீனுக்கு இரட்டைக் குழந்தைகள். ஒன்று வயிற்றுக்குள்ளேயே இறந்து, தாயைக் காப்பாற்ற அதன் கால்களை உடைத்து எடுத்தார்கள். மற்றது சில கிழமைகளில் இறந்தது. மயக்கமருந்து இல்லாத காலம். இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அதோடு பிள்ளைப்பேறு முடிந்தது.

1559 ஜூன் 30. மகளின் கலியாணக் கொண்டாட்டம். இன்றைய சென் அந்துவான் தெருவில் குதிரைமேல் ஈட்டிப் போட்டி. மொன்கோமெரி என்ற படைத்தலைவரின் ஈட்டி உடைந்து, அதன் சிலாகை அரசரின் கண்ணுக்குள் போனது. பத்து நாள் கிடந்தார். அம்புருவாஸ் பாரே என்ற பெயர்பெற்ற சத்திரசிகிச்சையாளரும், உடற்கூற்றியலின் தந்தை வெசாலியசும் வந்து பார்த்தார்கள். காயம் எப்படி என்று அறிய, மரணதண்டனை நிறைவேற்றப்பட்ட கைதிகளின் தலைகளில் அதே மாதிரிக் குத்திப் பார்த்தார்கள் என்றும் சொல்வார்கள். ஜூலை 10 அரசர் இறந்தார். ஆகஸ்டில் அவருடைய பேழை இந்தத் தெருவால் சென் தெனிக்குப் போனது.

பிரெஞ்சு அரசிகள் துக்கத்துக்கு வெள்ளை உடுப்பதுதான் வழக்கம். கத்தரீன் கறுப்பு உடுத்தார். சாகும்வரை முப்பது வருடம் கறுப்புத்தான். தியான் தெ புவாத்தியேயிடம் இருந்து ஷெனோன்சோவைத் திருப்பி வாங்கினார், ஆனால் சும்மா பறிக்கவில்லை. பதிலுக்கு ஷோமோன் என்ற வேறொரு மாளிகையைக் கொடுத்தார். நஞ்சு வைக்கிற பெண்ணாக இருந்தால் முதலில் யாருக்கு வைத்திருக்க வேணும்? அந்தத் தியான் தன் வீட்டில், தன் வயதில், அமைதியாகச் செத்தார்.

மூத்த மகன் பதினைந்து வயதில் அரசனாகி, அடுத்த வருடமே காதுநோயில் இறந்தான். அடுத்தவன் ஒன்பதாம் சார்ள்சுக்குப் பத்து வயது. கத்தரீன் நாட்டைப் பொறுப்பெடுத்தார். எடுத்தபோது நாடு இரண்டாகப் பிரிந்திருந்தது. கத்தோலிக்கர் ஒரு பக்கம், ஹூகெனோ என்று சொல்லப்பட்ட சீர்திருத்தச் சபையினர் மறு பக்கம்.

அவர் செய்த முதல் வேலை இரண்டு பக்கத்துக் குருமாரையும் 1561இல் புவாசி என்ற ஊரில் ஒரே மண்டபத்தில் உட்கார வைத்தது. உடன்பாடு வரவில்லை. 1562 ஜனவரியில் ஒரு சட்டம் கொண்டுவந்தார். சீர்திருத்தச் சபையினர் நகர மதிலுக்கு வெளியே பகலில் வெளிப்படையாக ஒன்றுகூடித் தொழலாம். இதில் அவருக்குத் துணையாக நின்ற தலைமை நீதி அமைச்சரின் பெயர் மிஷேல் தெ லொபித்தால். பிரெஞ்சு தெரிந்தவர்கள் சிரிக்கிறீர்கள். ஓம், “வைத்தியசாலை” என்றுதான் அவருடைய பெயர். எனக்கு அவரைப் பிடிக்கும்.

அன்றைய மதிலுக்கு வெளியே இருந்த ஊர்களில் ஒன்றுதான் எங்கள் லாச்சப்பல். 1860இல்தான் இது பாரிசோடு சேர்ந்தது. வருடாவருடம் கோடைகால முடிவில் மாணிக்கப் பிள்ளையாரின் தேர் இந்தத் தெருக்களால் வரும்போது, கிறிஸ்தவளான நானும் ஓரத்தில் நின்று பார்ப்பேன். தேங்காய் உடைக்கிற சத்தம், பொலிஸ்காரர்கள் பாதையை மறித்துக் காவல், வெள்ளைக்காரப் பிள்ளைகள் அப்பாவின் தோளில். இன்னொருவரின் சாமி தெருவில் வரலாம் என்பதற்காக இந்த நாட்டில் எத்தனை பேர் செத்தார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஏனென்றால் அந்தச் சட்டம் ஏழு கிழமைகூட அமைதியாக நிற்கவில்லை. மார்ச் 1ஆம் திகதி வாசி என்ற ஊரில் ஒரு களஞ்சியத்தில் தொழுதுகொண்டிருந்தவர்களைக் கீஸ் பிரபுவின் ஆட்கள் வெட்டினார்கள். போர் தொடங்கியது. விட்டு விட்டு எட்டுப் போர்கள், 1598 வரை. அவற்றில் பலவற்றின் முடிவில் மேசைக்கு வந்து கதைத்தவர் கத்தரீன். நடுவில் இரண்டு வருடத்துக்கு மேல், தன் மகன் அரசனை நாடு முழுக்கக் கூட்டிக்கொண்டு திரிந்தார், “இவன் எல்லாருக்கும் அரசன்” என்று காட்ட.

இதுவரை கதைத்ததில் நான் அவருடைய பக்கம் நிற்கிறேன் என்று நினைப்பீர்கள். இனி 1572க்கு வருகிறேன்.

சமாதானத்துக்காகத் தன் மகள் மார்கரீத்தைச் சீர்திருத்தச் சபையின் இளவரசர் நவார் ஹென்றிக்குக் கட்டிக்கொடுத்தார். ஆகஸ்ட் 18, நோத்ர் தாமில் கலியாணம். சபையின் பெரிய மனிதர்கள் எல்லாரும் பாரிசுக்கு விருந்தாளிகளாக வந்திருந்தார்கள். 22ஆம் திகதி அவர்களுடைய தலைவர் கொலினி தளபதியைத் தெருவில் சுட்டார்கள். சாகவில்லை. முன்பு அரசரின் கண்ணுக்கு வைத்தியம் பார்த்த அதே பாரேதான் காயத்துக்குக் கட்டுப்போட்டார். சுடச் சொன்னது யார் என்று இன்றுவரை வாதம். பழிவாங்கல் வரும் என்ற பயம் நகரம் முழுக்க. 23ஆம் திகதி இரவு அரச சபை கூடியது. சபையின் தலைவர்களைக் கொல்வது என்று முடிவெடுத்தார்கள். அந்த அறையில் கத்தரீன் இருந்தார்.

24 அதிகாலை, புனித பர்த்தலோமேயு திருநாள். லூவ்ருக்கு எதிரே உள்ள சென் செர்மென் லொக்செருவா கோயிலில் மணி அடித்தது. முதலில் கொலினி, பிறகு மற்றத் தலைவர்கள். ஆனால் அதோடு நிற்கவில்லை. நகரவாசல்கள் மூடப்பட்டிருந்தன. ஊர்க்காவல்காரர்களும் அயலவர்களும் கையில் வெள்ளைத்துணி கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். எந்த வீட்டில் யார் என்று அவர்களுக்குத் தெரியும். பெண்கள், பிள்ளைகள் எல்லாரையும் கொன்று சென் ஆற்றில் போட்டார்கள். பாரிசில் மட்டும் 2,000 முதல் 3,000 பேர் வரை, மற்ற நகரங்களையும் சேர்த்தால் 10,000 பேர் வரை இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். அரசர் நிறுத்தச் சொல்லியும் நாட்கணக்காக நடந்தது.

யூலை 83ஐப் பார்த்த தலைமுறை இங்கே இருக்கிறது. கையில் பட்டியலோடு வந்தவர்களை உங்களுக்குத் தெரியும். நான் விபரிக்கத் தேவையில்லை.

நான் கத்தோலிக்கப் பெண். ஆகவே இதையும் சொல்ல வேணும். இந்தச் செய்தி உரோமைக்குப் போனபோது பதின்மூன்றாம் கிரகோரி பாப்பரசர் நன்றிப் பாடல் பாடுவித்தார், ஞாபகப் பதக்கம் அடித்தார். 1997 ஆகஸ்ட் 23ஆம் திகதி, அந்தத் திருநாளுக்கு முதல் இரவு, இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாரிசில் இலட்சக்கணக்கான இளைஞர்களுக்கு முன்னால், அன்று கிறிஸ்தவர்கள் செய்தது நற்செய்திக்கு விரோதமானது என்று ஒத்துக்கொண்டார். 425 வருடம் எடுத்தது.

அந்த 425 வருடத்தில் பழி எங்கே போய்ச் சேர்ந்தது? “புளோரன்ஸ்காரி”யிடம். 1575இல் அவரைப் பற்றி ஒரு பிரசுரம் வந்து நாடு முழுக்கப் பரவியது. இத்தாலியர் பொய்யர், நஞ்சு வைப்பவர், அவர்களுடைய பெண் எங்கள் நாட்டைக் கெடுத்தாள் என்பதுதான் அதன் சாரம். நவார் ஹென்றியின் தாய் ஜான் தால்பிரே, கலியாணத்துக்கு முதல் ஜூனில் பாரிசில் இறந்தார். வாசனை பூசிய கையுறையில் கத்தரீன் நஞ்சு அனுப்பினார் என்றார்கள். உடலைத் திறந்து பார்த்த வைத்தியர்கள் கண்டது நுரையீரல் நோய். ஒன்பதாம் சார்ள்ஸ் இருபத்து மூன்று வயதில் இருமி இருமி இறந்தான், அதுவும் நுரையீரல்தான். அலெக்சாந்தர் டூமா 1845இல் எழுதிய நாவலில் அவன் நஞ்சு தடவிய புத்தகத்தைப் புரட்டிச் சாகிறான். 1994இல் அது படமாகவும் வந்தது. புளுவா மாளிகைக்குப் போனால் அவருடைய அறையில் சுவருக்குள் மறைந்த அலுமாரிகளைக் காட்டுவார்கள். நஞ்சு அலுமாரி என்றால்தான் சனம் நின்று பார்க்கும். கடிதமும் நகையும் வைத்திருப்பார் என்றால் யார் நிற்பார்கள்? அந்த மனிசி எழுதிய ஆயிரக்கணக்கான கடிதங்கள் அச்சில் இருக்கின்றன. அவற்றை யாரும் தேடுவதில்லை.

இப்போது அந்த நோயாளிப் பிள்ளையிடம் திரும்பிப் போகிறேன். பத்து வருடம் பிள்ளை இல்லாததற்கு வெளியிலிருந்து வந்தவள்தான் காரணம். 3,000 பேர் செத்ததற்கும் வெளியிலிருந்து வந்தவள்தான் காரணம். முதலாவதில் ஒரு வீடு தன் குறையை மறைத்தது. இரண்டாவதில் ஒரு நகரம் தன் கையைக் கழுவியது. அயல்வீட்டுக் கதவை உடைத்த இறைச்சிக்கடைக்காரனும் நகைக்கடைக்காரனும் கதையில் இருந்து காணாமல் போனார்கள். பிலாத்து கழுவின தண்ணீர் கத்தரீனின் தலையில் ஊற்றப்பட்டது.

அதற்காக அவரை விடுவிக்க நான் வரவில்லை. சேர்த்துக் கட்டிய பழிகளை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுப் பார்த்தாலும், 23ஆம் திகதி இரவு அந்த அறை மிஞ்சும். பத்து வருடம் சமாதானத்துக்காக ஓடிய பெண், தன் பிள்ளைகளின் முடி போய்விடும் என்ற பயத்தில், தான் அழைத்த விருந்தாளிகளைக் கொல்லச் சம்மதித்தார். அந்தக் கணக்கு அவருடையது. யாரும் அதை அவருக்காக இறக்கி வைக்க ஏலாது.

நான் பதினொரு வயதில் யாழ்ப்பாணத்தில் படித்துக்கொண்டிருந்தேன். 1990 ஒக்டோபர் கடைசியில் ஒரு நாள் வகுப்பில் என் பக்கத்து வாங்கில் வெறுமையாக இருந்தது. யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனம் முழுவதையும் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றியிருந்தார்கள். எங்கள் பெயரால் நடந்தது. அவள் கடன் வாங்கிய நிறப்பென்சில் பெட்டியைப் பற்றித்தான் நான் அன்று கவலைப்பட்டேன். அம்மாவிடம் கேட்டேன், “அவை ஏன் போனவை?” அம்மா சொன்னா, “அது எங்களுக்குத் தெரியாத விசயம், பேசாமல் இரு.” அம்மா கெட்டவ இல்லை. நல்ல மனிசி, எல்லாருக்கும் சோறு போட்டவ. ஆனால் அதன்பிறகு பல வருடம் நாங்கள் எல்லாருமே “அது மேலே இருந்தவர்கள் எடுத்த முடிவு” என்று சொல்லிக்கொண்டு இருந்தோம். மேலே இருந்தவர்களின் கணக்கு அவர்களுடையது, சந்தேகமே இல்லை. ஆனால் சோனகத் தெருவில் வெறுமையான வீடுகளின் கதவும் ஜன்னலும் ஓடும் எங்கே போயின? அதை எடுத்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள் இல்லை.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். கத்தரீனைப் பற்றிக் கதைக்க வந்துவிட்டு இதைச் சொல்லாமல் போனால், நானும் பாரிஸ்காரர்கள் செய்ததைத்தான் செய்கிறேன்.

கடைசிக் காலத்தை விரைவாகச் சொல்கிறேன். மூன்று மகன்கள் அரசர்கள் ஆனார்கள். பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேரைத் தன் கண்ணால் பறிகொடுத்தார். 1588 டிசம்பர் 23இல் மூன்றாம் ஹென்றி, அவருடைய செல்ல மகன், புளுவா மாளிகையில் கீஸ் பிரபுவைக் கொல்வித்தான். கீழ்மாடியில் நோய்ப்படுக்கையில் கத்தரீன். பதின்மூன்று நாளில், 1589 ஜனவரி 5, அவர் இறந்தார், வயது 69. ஏழு மாதத்தில் அந்த மகனையும் குத்திக் கொன்றார்கள். பாரிஸ் எதிரிகளின் கையில் இருந்ததால் சென் தெனியில் கட்டிவைத்த அந்தப் பெரிய கல்லறைக்கு அவரைக் கொண்டுபோக முடியவில்லை. புளுவாவிலேயே புதைத்தார்கள்.

ஏறத்தாழ இருபது வருடத்தின் பின் அவரைச் சென் தெனிக்குக் கொண்டுவந்து கணவரின் பக்கத்தில் வைத்தது யார் தெரியுமா? 1538இல் ஹென்றிக்கு வேறொரு பெண்ணில் பிறந்த அந்த மகள் தியான். எந்தப் பிள்ளையைக் காட்டிக் கத்தரீனை மலடி என்றார்களோ, அந்தப் பிள்ளை. கத்தரீன் அவளைத் தன் பிள்ளைகளோடு பிள்ளையாக அரண்மனையில் வளரவிட்டார். இந்தச் சின்ன விசயத்தை எந்தப் படத்திலும் காட்டுவதில்லை.

அதுவும் நிலைக்கவில்லை. 1793இல் புரட்சிக்காரர்கள் சென் தெனிக் கல்லறைகளைத் திறந்து எல்லா எலும்புகளையும் குழியில் கொட்டினார்கள். 1817இல் அள்ளி நிலவறையில் ஒன்றாக வைத்தார்கள். எது கத்தரீன், எது ஹென்றி என்று இனி யாரும் பிரிக்க முடியாது.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஷெனோன்சோவைத் திருப்பி வாங்கியபின் அங்கே ஆற்றுப் பாலத்தின்மேல் அறுபது மீற்றர் நீளத்தில் ஒரு மண்டபம் கட்டினார், விருந்து வைக்கவும் நடனம் ஆடவும். முதலாம் உலகப் போரில் அந்த மாளிகையின் சொந்தக்காரரான மெனியே குடும்பம், சொக்கலேற் செய்கிறவர்கள், மண்டபத்தை வைத்தியசாலை ஆக்கினார்கள். இரண்டு பக்கமும் கட்டில், யன்னலுக்குக் கீழே ஆறு. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட காயக்காரர்கள் அங்கே வைத்தியம் பெற்றார்கள். அந்த வீட்டு மருமகள் சிமோன் மெனியேதான் தலைமைத் தாதி. இரண்டாம் உலகப் போரில் அந்த ஆறுதான் எல்லைக்கோடு. ஒரு கரை ஜெர்மனியரிடம், மறு கரை அவர்கள் பிடிக்காத பகுதி. மண்டபத்தின் ஒரு கதவால் நுழைந்து மறு கதவால் வெளியேறித் தப்பியவர்கள் உண்டு.

போன வருடம் அங்கே போனேன். கறுப்பு வெள்ளைத் தரைக்கல்லில் நடந்து அந்தத் தெற்குக் கதவு வரைக்கும் போய், அதைக் கையால் தொட்டுப் பார்த்தேன். அதைக் கட்டுவித்த பெண்ணை நினைத்து ஒரு அருள்நிறை மரியே சொன்னேன். பிறகு, அந்த ஆகஸ்டில் செத்தவர்களுக்காகவும் ஒன்று. பிறகு என் பக்கத்து வாங்கிலில் இருந்தவளுக்காகவும். அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. அவளிடம் சேர்ந்திருக்கும்.

கோபம் இருக்கிறவர்கள் முதலில் கேள்வி கேளுங்கோ.